கம்பெனிக்கு மனித உரிமை உண்டா?

(சட்ட மாணவர்களின் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் நடந்த வழக்குகளைப் பற்றியதே என்றாலும், அதற்குள் நுழையும் வாசலாக நம்முடைய சோழ நாட்டுக் கிராமம் ஒன்றையே தேர்ந்துகொள்ள எனக்கு அனுமதி தர வேண்டும். திருவாரூர்ப் பக்கத்துப் பத்தூரில், இடிந்து பாழாய்க் கிடந்த விசுவநாத சுவாமி கோயிலுக்கு அருகே, 1976ஆம் ஆண்டில், ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் தட்டுப்பட்டு வெளிவந்த நடராஜ விக்கிரகம், பல கைகள் மாறி, கடல் கடந்து, பொய்யான பூர்வ சரித்திரமும் புனையப்பெற்று, 1982ல் கனடா தேசத்துக் கம்பெனி ஒன்றினால் இரண்டரை லட்சம் பவுனுக்கு வாங்கப்பட்டது. பழுது பார்ப்பதற்காக அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த சமயத்தில் லண்டன் போலீஸார் அதைக் கைப்பற்ற, அந்தக் கம்பெனி போலீஸார்மேல் வழக்குத் தொடுத்தது. இந்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் வந்து சேர்ந்துகொண்ட அந்த வழக்கில், இடிந்த கோயிலும் ஒரு கட்சிக்காரராக வந்து நின்றது. 1991ல் மேல்முறையீட்டு நீதிபதிகள், இந்தியச் சட்டப்படி கோயில் ஒரு நபரே, ஆகையால் ஆங்கில நீதிமன்றத்திலும் அது தன் உடைமைக்காக வழக்காடலாம் என்று தீர்ப்பளித்தார்கள். நடராஜர் நாடு திரும்பினார்.

இந்த வழக்கை நான் நினைக்குந்தோறும் எனக்கு ஒரு வியப்பு உண்டாவதுண்டு. ஒரு பக்கம் கம்பெனி, மறுபக்கம் கோயில்; இரண்டுக்கும் கையில்லை, காலில்லை, கண்ணில்லை, கண்ணீருமில்லை; இரண்டும் சட்டத்தின் கற்பனையால் பிறந்த நபர்கள். ஆயினும் இரண்டும் நியாயம் கேட்டன. ஒன்று பெற்றது, மற்றொன்று இழந்தது. அப்படியானால் உடைமையும் வழக்காடும் உரிமையும் பெற்ற இந்தக் கற்பனை நபர்கள், மனிதனாய்ப் பிறந்தவனுக்கு அவன் பிறப்பினாலேயே சித்தித்ததாக நாம் சொல்லுகிற மனித உரிமைகளையும் கேட்கலாமா? கேட்டால், அவற்றைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட நீதிமன்றங்கள் கொடுக்க வேண்டுமா? இதுதான் இன்றைய வினா.

கம்பெனி என்பது தன் பங்குதாரர்களிலிருந்து வேறான தனி நபர் என்னும் சித்தாந்தத்தை ஆங்கிலச் சட்டம் உறுதியாக நிலைநாட்டியது, லண்டன் வைட்சேப்பலில் பூட்ஸ் தொழில் நடத்திய ஆரன் சாலமன் என்பவரின் வழக்கிலே. அவருடைய கம்பெனியின் 20,007 பங்குகளில் 20,001 பங்குகள் அவருடையவை. மனைவிக்கும் ஐந்து மக்களுக்கும் ஆளுக்கொன்று. கம்பெனி நொடித்தபோது, கம்பெனியும் சாலமனும் ஒன்றுதானே என்று கடன்காரர்கள் வாதாடினார்கள். இல்லை, இருவரும் வெவ்வேறு நபர்கள் என்று பிரபுக்கள் சபை 1896ல் முடிவு செய்தது. வியாபாரத்துக்கு மிகவும் சௌகரியமான முடிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் சௌகரியத்துக்காகச் செய்த பொம்மைக்கு உயிர் உண்டென்று பின்னால் யாராவது சாதிக்கத் தொடங்கினால், பொம்மை செய்தவனே திகைக்க நேரிடும். அந்தத் திகைப்பைத்தான் உலகத்தின் பிராந்திய நீதிமன்றங்களில் நாம் பார்க்கப் போகிறோம்.

பிராந்திய நீதிமன்றம் என்று நான் சொல்வது, ஒரு கண்டத்து நாடுகள் பல கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, தங்கள் குடிமக்கள் தங்கள் மீதே வழக்கிட இடங்கொடுத்து அமைத்த சபைகளை. ஐரோப்பாவுக்கு ஸ்ட்ராஸ்பர்க்கிலும், அமெரிக்கக் கண்டத்துக்குக் கோஸ்டாரிக்காவின் சான் ஹோசேயிலும், ஆப்பிரிக்காவுக்குத் தான்சானியாவின் அருஷாவிலும் அவை இருக்கின்றன. ஆசியாவுக்கு அப்படி ஒன்று இல்லை. நம்முடைய முறையீடு உள்நாட்டு உச்ச நீதிமன்றத்தோடு முடிந்துவிடுகிறது.

முதலில் ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் போவோம். 1950ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி ரோமாபுரியில் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை, மனுச் செய்யத் தகுந்தவர் யார் என்று சொல்லும் இடத்தில், தனி மனிதர், மனிதர் கூட்டம் என்பவற்றோடு அரசு சாராத ஸ்தாபனத்தையும் சேர்த்துக்கொண்டது. சொத்துரிமையைப் பற்றி அப்போது நாடுகளுக்குள் ஒருமைப்பாடு ஏற்படாமையால், அதை 1952ல் ஒரு துணை உடன்படிக்கையில் வைத்தார்கள். அதன் முதல் விதியோ, இயற்கையான நபருக்கும் சட்டத்தால் ஆன நபருக்கும் தம் உடைமையைத் தடையின்றி அனுபவிக்கும் உரிமை உண்டு என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. உடன்படிக்கை கையெழுத்தானபோது இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. பத்திரிகைகளையும் சங்கங்களையும் அச்சகங்களையும் பறிமுதல் செய்துதான் சர்வாதிகாரிகள் மனிதனின் வாயை அடைத்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்களுக்கு, ஸ்தாபனங்களையும் காப்பாற்ற வேண்டுமென்று தோன்றியதில் விந்தையில்லை.

அந்த எண்ணம் சரியானதுதான் என்று காட்டிய வழக்கு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1958 முதல் 1961 வரை இங்கிலாந்தில் டிஸ்டில்லர்ஸ் என்ற கம்பெனி விற்றுவந்த தாலிடோமைடு என்னும் மருந்தை, கருவுற்ற பெண்கள் உட்கொண்டதனால், சுமார் 450 குழந்தைகள் கைகால் குறைபட்டுப் பிறந்தன. பெற்றோர்கள் தொடுத்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட, ஸண்டே டைம்ஸ் பத்திரிகை 1972 செப்டம்பரில் அந்தக் குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டு, மருந்து எவ்விதம் சோதிக்கப்பட்டது அல்லது சோதிக்கப்படாமல் விடப்பட்டது என்பதை ஆராய்ந்து இன்னொரு கட்டுரையையும் தயாரித்தது. நிலுவையில் இருக்கும் வழக்கைப் பற்றி எழுதுவது நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி அதற்குத் தடையுத்தரவு வாங்கப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கினாலும், 1973ல் பிரபுக்கள் சபை தடையை மீண்டும் நிலைநாட்டியது. பத்திரிகையை நடத்திய கம்பெனியும், ஆசிரியர் ஹரால்டு எவன்ஸும், வேறு சில பத்திரிகையாளரும் ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் போனார்கள். 1979 ஏப்ரலில் 11 நீதிபதிகள் ஒருபுறமும் 9 நீதிபதிகள் மறுபுறமுமாகப் பிரிந்து, தடையுத்தரவு கருத்துச் சுதந்திரத்துக்கு மாறானது என்று தீர்ப்பு வந்தது. 1981ல் இங்கிலாந்து தன் அவமதிப்புச் சட்டத்தையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

இந்த வழக்கில் இரண்டு பக்கமும் கம்பெனிகளின் நிழல் விழுந்திருப்பதைக் கவனியுங்கள். மருந்து விற்றதும் கம்பெனி. அதைப் பற்றி எழுத வந்ததும் கம்பெனி. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே ஜாதி, இலாபத்துக்காக ஏற்பட்டவை, பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டுபவை. ஆனால் பத்திரிகைக் கம்பெனி ஸ்ட்ராஸ்பர்க்கின் படியேறியபோது, அதன் தோளிலே, தாமே நடந்து வர முடியாத குழந்தைகளும், உண்மையை அறிந்துகொள்ள வேண்டிய அவர்களுடைய பெற்றோரும் அமர்ந்திருந்தார்கள். அந்தக் கம்பெனியின் வாயை அடைப்பது அவர்களுடைய காதை அடைப்பதாகும். கம்பெனி கேட்ட உரிமை, வாசகனுடைய உரிமை வந்து சேரும் வழியாக இருந்தது.

இப்படித் திறந்த கதவின் வழியாகப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் தோளில் குழந்தையோடு வரவில்லை. ஆட்ரானிக் என்ற சுவிஸ் வியாபாரக் கம்பெனி, 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்ட ஆன்டெனாவைக் கொண்டு சோவியத் செயற்கைக்கோளின் டெலிவிஷன் நிகழ்ச்சிகளைப் பிடித்துக் காட்ட அனுமதி கேட்டது. தன் சரக்கு நன்றாக வேலை செய்கிறதென்று வாடிக்கையாளருக்கு நிரூபிப்பதே அதன் நோக்கம். இலாபத்துக்காக நடக்கும் கம்பெனி என்பதனால் கருத்துச் சுதந்திரம் இல்லாமற் போகாது என்று 1990ல் நீதிமன்றம் சொல்லிற்று. பிறகு 2000ஆம் ஆண்டில், போர்ச்சுகலில் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் நீண்டுபோன ஒரு வழக்கினால் அலைக்கழிந்த காமிங்கர்சால் என்ற கம்பெனிக்கு, பண நஷ்டம் அல்லாத நஷ்டத்துக்காகவும் ஈடு கொடுக்கப்பட்டது. கம்பெனிக்கு ஏது மனவேதனை என்று நாம் சிரிக்கலாம். நற்பெயருக்கு வரும் பங்கம், முடிவு தெரியாமல் திட்டமிட முடியாத நிலை, நிர்வாகத்தில் ஏற்படும் குழப்பம், அதற்கெல்லாம் குறைந்த அளவில் நிர்வாகிகள் படும் கவலை என்று நீதிபதிகள் அந்த வேதனையைப் பகுத்துக் காட்டியிருக்கிறார்கள். 2002ல் நீதிமன்றம் இன்னும் ஒரு படி ஏறியது. சாலை போடும் தொழிலில் போட்டியைக் கெடுக்கும் இரகசிய உடன்பாடுகள் இருப்பதாகச் சந்தேகித்து, பிரெஞ்சு அதிகாரிகள் 1985ல் 56 கம்பெனிகளில் ஒரே சமயத்தில் புகுந்து, நீதிபதியின் உத்தரவு இல்லாமலே ஆயிரக்கணக்கான ஆவணங்களை அள்ளிச் சென்றார்கள். கொலா எஸ்ட் முதலிய கம்பெனிகள் வழக்குத் தொடுக்க, மனிதனுடைய இல்லத்துக்கு உடன்படிக்கை தரும் பாதுகாப்பு, சில சந்தர்ப்பங்களில் கம்பெனியின் அலுவலகத்துக்கும் உண்டு என்று தீர்ப்பாயிற்று. அடுப்பும் தொட்டிலும் உள்ள இடத்தைக் குறித்த சொல், பேரேடும் பெட்டகமும் உள்ள இடத்தையும் குறிக்கலாயிற்று.

எல்லாம் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மதச் சுதந்திரத்தைக் கேட்டுவந்த ஒரு பின்லாந்துப் பதிப்பகக் கம்பெனியை, அந்த உரிமை இலாப ஸ்தாபனத்துக்கு உரியதன்று என்று சொல்லி 1996ல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உயிர், சித்திரவதையிலிருந்து விடுதலை, திருமணம் ஆகியவற்றைக் கம்பெனி கேட்கவே முடியாது. ஆக, ஸ்ட்ராஸ்பர்க்கின் வழி, உரிமைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது கம்பெனிக்குப் பொருந்துமா என்று அளந்து பார்க்கும் வழி.

இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை யூகோஸ் வழக்கிலே பார்த்தோம். ருஷ்யாவின் மாபெரும் எண்ணெய்க் கம்பெனியான யூகோஸ்மேல் பழைய ஆண்டுகளுக்கான வரியும் அபராதமும் மலைபோல் சுமத்தப்பட்டு, அதன் முக்கிய உற்பத்திக் கிளை 2004 டிசம்பரில் ஏலத்தில் போய், 2007ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. மனுதாரர் இறந்துவிட்டார், ஆனால் மனு இறக்கவில்லை. செத்த கம்பெனியின் வழக்கை ஸ்ட்ராஸ்பர்க் தொடர்ந்து நடத்தி, 2011ல் விசாரணை முறையிலும் அபராத விதிப்பிலும் வசூலிலும் உரிமை மீறல் நடந்ததாகவும், அரசியல் உள்நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றும் முடிவு செய்தது. 2014 ஜூலை 31ஆம் தேதி விதித்த நஷ்டஈடு 186 கோடி யூரோவுக்கு மேல். கம்பெனி இல்லாதபடியால் அதைப் பழைய பங்குதாரருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். 2017ல் ருஷ்ய அரசியல் சட்ட நீதிமன்றம், அந்தத் தொகையைக் கொடுக்க இயலாது என்று சொல்லிவிட்டது. 2022ல் ருஷ்யா அந்த உடன்படிக்கையை விட்டே வெளியேறியது.

இங்கே இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 2014 ஜூலையில், அதே யூகோஸின் பெரும் பங்குதாரர்களுக்கு, ஹேக் நகரத்து மத்தியஸ்தர்கள் எரிசக்தி உடன்படிக்கையின்கீழ் 5,000 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை விதித்திருந்தார்கள்; அதை எதிர்த்த வழக்குகள் பின்னும் பல ஆண்டுகள் நடந்தன. மனித உரிமை நீதிமன்றம் ஒன்றே கதி என்றிருந்தவரல்லர் அந்த முதலாளிகள். அவர்களுக்கு வேறு கதவுகள் இருந்தன, அவை அகலமான கதவுகள்.

இனிச் சான் ஹோசேக்கு வருவோம். 1969ல் எழுதப்பட்ட அமெரிக்க மனித உரிமை உடன்படிக்கை, ஐரோப்பியர் நெகிழவிட்ட இடத்தில் முடிச்சை இறுக்கிப் போட்டது. இந்த உடன்படிக்கையில் நபர் என்றால் மனிதப் பிறவி என்று முதல் விதியிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஆயினும் வாழ்க்கை அவ்வளவு எளிதாக முடிச்சுக்குள் அடங்குவதில்லை. ஆர்ஜென்டினாவில் பல தொழில்கள் நடத்திய கான்டோஸ் என்ற வியாபாரியின் கணக்குப் புத்தகங்களை 1972ல் மாகாண அதிகாரிகள் அள்ளிச் செல்ல, அவருடைய தொழில்கள் நொடித்தன. நஷ்டஈட்டு வழக்குத் தொடுக்கச் சென்றால், கோரும் தொகையில் நூற்றுக்கு மூன்று வீதம் நீதிமன்றக் கட்டணம். அது 8 கோடி டாலருக்கு மேலாயிற்று. நஷ்டமடைந்தது கம்பெனிதானே, மனிதன் அல்லவே என்று அரசாங்கம் ஆட்சேபித்தது. மனிதன் தன் உரிமையைக் கம்பெனியின் மூலம் செலுத்தியிருக்கலாம். அந்தத் திரையைக் காட்டி அவனை விரட்ட முடியாது என்று 2001ல் நீதிமன்றம் விடையளித்து, மறு ஆண்டிலேயே அந்தக் கட்டணம் நீதியின் கதவை அடைப்பதாகும் என்று தீர்த்தது.

பனாமா நாடு இந்த விஷயத்தைத் தெளிவுபடுத்துமாறு கேட்க, 2016 பிப்ரவரியில் அந்த நீதிமன்றம் ஓர் ஆலோசனைக் கருத்துரை வழங்கியது. கம்பெனி முதலிய சட்ட நபர்களுக்கு இந்த உடன்படிக்கையில் தமக்கென்று உரிமை கிடையாது; ஆனால் கம்பெனிக்கும் தனக்கும் உள்ள நேரான, அடிப்படையான தொடர்பை நிரூபிக்கும் மனிதன் தன் பெயரால் வரலாம் என்பது அதன் சாரம். இரண்டு விலக்குகளையும் அது சொன்னது. ஒன்று, தொழிற்சங்கங்களும் அவற்றின் சம்மேளனங்களும். மற்றொன்று, ஆதிவாசிகளும் பழங்குடிச் சமூகங்களும். இந்த இரண்டாவது விலக்கின் பொருள் விளங்க வேண்டுமானால், ஈக்குவடாரின் அமேசான் காட்டில் போபோனாசா ஆற்றங்கரையில் வாழும் சராயாக்கு மக்களை நினைக்க வேண்டும். அவர்களைக் கேளாமலே அரசாங்கம் எண்ணெய் தேடும் உரிமையை ஒரு கம்பெனிக்குக் கொடுக்க, அது அவர்களுடைய காட்டில் சுமார் 1,400 கிலோ வெடிமருந்தைப் புதைத்து வைத்தது. 2012ல் சான் ஹோசே நீதிமன்றம், உரிமை இழந்தவர் இன்னார் இன்னார் என்று பெயர்ப்பட்டியல் கேட்காமல், சராயாக்கு சமூகத்தையே உரிமையுள்ளவராக ஏற்று, தீர்ப்பளித்தது. சமூகமும் கம்பெனியைப்போல் ஒரு கூட்டந்தான். ஆனால் அந்தக் காட்டை விட்டால் அந்த மனிதர்கள் இல்லை. அந்தச் சமூகத்தை விட்டு அவர்களைத் தனித்தனியே பிரித்தெடுக்க முடியாது. பங்கை இன்று வாங்கி நாளை விற்கும் பங்குதாரர் நிலை அப்படிப்பட்டதன்று.

ஆப்பிரிக்காவின் 1981ஆம் ஆண்டுச் சாசனமோ, தனி மனிதரையும் மக்களினங்களையும் மாறி மாறிப் பேசுகிறதே அன்றிக் கம்பெனியைத் தேடிப் போவதில்லை. அங்கே கம்பெனி பெரும்பாலும் உரிமை கேட்டு வருபவராகத் தோன்றுவதில்லை. உரிமை பறிபோன கதைகளின் பின்னணியிலே தோன்றுகிறது. நைஜீரியாவின் ஓகோனி மக்களுடைய நிலமும் நீரும் எண்ணெயால் கெட்டதற்கு அந்நாட்டரசைப் பொறுப்பாக்கி ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் 2001ல் தந்த முடிவே இதற்கு உதாரணம்.

நம் நாட்டிலும் இதே சிக்கல் வந்து தீர்ந்த விதம் மாணவர்களாகிய உங்களுக்குத் தெரிந்திருக்கும். கம்பெனி குடிமகன் அல்ல. ஆகையால் குடிமகனுக்கென்று அரசியல் சட்டத்தின் 19ஆவது விதி தரும் சுதந்திரங்களை அது கேட்க முடியாது என்று 1963ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 14 வங்கிகள் 1969ல் தேசியமயமானபோது, ஒரு பங்குதாரராக நின்று வழக்காடிய ஆர். சி. கூப்பர், கம்பெனிக்கு நேர்ந்தது தன் உரிமையையும் தொட்டது என்று காட்டி 1970ல் வெற்றி பெற்றார். பத்திரிகைக் காகிதக் கட்டுப்பாட்டு வழக்கில், 1972ல், பத்திரிகைக் கம்பெனியின் வாயிலாகப் பேசுவது அதன் பங்குதாரரும் ஆசிரியரும் வாசகருமே என்ற நோக்கு வலுப்பெற்றது. சான் ஹோசே பின்னால் நடந்த பாதையில் டில்லி முன்னமே கால் வைத்திருந்தது.

அப்படியானால் எது சரி? கம்பெனிக்கு உரிமை கொடுப்பதனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு ஸ்ட்ராஸ்பர்க் வழக்கைச் சொல்லுகிறேன். மெக்டொனால்ட்ஸ் கம்பெனியைக் கண்டித்துத் துண்டுப் பிரசுரம் விநியோகித்ததற்காக ஹெலன் ஸ்டீல், டேவிட் மாரிஸ் என்ற இருவர்மேல் அந்தக் கம்பெனி அவதூறு வழக்குப் போட்டது. வக்கீல் வைக்கப் பணமுமில்லை. அவதூறு வழக்குக்கு அரசின் சட்ட உதவியுமில்லை. 313 நாட்கள் அவர்கள் தாமே நின்று வாதாடினார்கள். 2005ல் ஸ்ட்ராஸ்பர்க், கம்பெனிக்கும் தன் நற்பெயரைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, ஆனால் இவ்வளவு ஏற்றத்தாழ்வில் நடந்த வழக்கு நியாயமான விசாரணையாகாது என்று இங்கிலாந்தைக் கண்டித்தது. ஒரே சொல்லை, உரிமை என்ற சொல்லை, இரு தரப்புக்கும் ஒரே அளவாகக் கொடுத்தால், ஏற்கெனவே கனத்த தட்டுத்தான் தாழும்.

என் அபிப்பிராயத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்கு நியாயம் மறுக்க வேண்டும் என்பவன் அல்ல நான். அதன் சொத்தை அரசாங்கம் அபகரித்தால் அது வழக்காடட்டும்; அதன் அலுவலகத்தில் உத்தரவின்றிப் புகுந்தால் தடுக்கட்டும். அவையெல்லாம் சட்டம் தான் பெற்ற பிள்ளைக்குத் தந்த சீதனங்கள். சட்டமே அவற்றை விரிக்கவும் சுருக்கவும் கூடும். மனித உரிமையோ எந்தச் சட்டமும் தந்ததன்று, ஆகையால் எந்தச் சட்டமும் எடுக்கவும் முடியாது என்பதே அதன் பெருமை. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் சீதனத்துக்குப் பிறப்புரிமையின் கௌரவம் வருவதைவிட, பிறப்புரிமைக்குச் சீதனத்தின் அற்பத்தன்மை வந்துவிடும் என்றே அஞ்சுகிறேன். ஆகவே பிராந்திய நீதிமன்றத்தின் வாயிற்காப்போன் கம்பெனியைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நீ யாரைச் சுமந்து வந்திருக்கிறாய்? வாசகனையா, தொழிலாளியையா, கணக்குப் புத்தகம் பறிபோய்க் கதவு அடைபட்டு நிற்கும் தனி மனிதனையா? அப்படியானால் உள்ளே வா. உன்னையே நீ சுமந்து வந்திருந்தால், உனக்கென்று வேறு நீதிமன்றங்கள் இருக்கின்றன.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் ஸண்டே டைம்ஸ் உள்ளே வரும். ஆட்ரானிக் வாசலில் நின்று வாதாட வேண்டியிருக்கும். யூகோஸின் பங்குதாரர் ஹேக் நகரத்துக்கு வழி கேட்டுக்கொண்டு போவார்கள். சில சமயம் விடை சொல்லக் கடினமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கடினமான சரியான கேள்வி, எளிதான தவறான விதியைவிட மேல்.

மறுபடியும் பத்தூர்க் கோயிலுக்கு வந்து முடிக்கிறேன். லண்டன் நீதிபதிகள் அந்த இடிந்த கோயிலுக்கு மனித உரிமை உண்டா என்று கேட்கவில்லை. கோயிலும் அதைக் கேட்கவில்லை. விக்கிரகம் யாருடையது என்று மட்டும் கேட்டார்கள், என்னுடையது என்று கோயில் சொல்லிற்று, நம்பினார்கள். சட்டம் படைத்த நபருக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. நம்முடைய தெய்வத்துக்கே போதுமாயிருந்த அந்த நியாயம், கம்பெனிக்குப் போதாதென்று சொல்ல எனக்கு நா எழவில்லை.